சண்முகக்கனி பேசுகிறாள்

சண்முகக்கனி செத்துப்போன பிறகும் அவள் குரல் ஜன்னலுக்கு வந்து, தள்ளுவண்டிக்காரனிடம் முருங்கைக்காய் முற்றல் என்று சண்டை பிடித்ததை ஊசிக்குளத்தில் ஒருவரும் அதிசயமாக நினைக்கவில்லை, ஏனென்றால் அவள் செத்தது அவளைக் கொன்றவனைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது அதை அதிசயமாக நினைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அதற்குள் அந்தக் குரல் இல்லாமல் இருக்க முடியாதவர்களாக ஆகியிருந்தார்கள்.

கொன்றவன் அவள் புருஷன், பலகுரல் இசக்கிராஜா. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்தாலும் வில்லுப்பாட்டுக்கும் கரகாட்டத்துக்கும் நடுவில் அவன் நிகழ்ச்சி ஒன்று இருக்கும். ஒற்றை ஆளாக மேடையில் நின்று, சரக்கு ரயில் பாலத்தில் ஏறுவதையும், மழைக்கு முந்தின தவளைகளையும், ஏலக்கடைக்காரரையும், வெறிநாயையும் தன் தொண்டையிலிருந்து எடுத்துப் போடுவான். அதற்கெல்லாம் சிரிப்பார்கள். பிறகு அவன் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த ஐந்து பெண்களாக மாறிச் சண்டை போடுவான், மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் தாயாக மாறி விம்முவான், கடைசியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக மாறி ஒப்பாரி வைப்பான், அப்போது கூட்டத்தில் இருக்கிற ஆண்கள்கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். "ஒரு ஆம்பளத் தொண்டைக்குள்ள இத்தன பொம்பளைகள எங்கதான் வச்சிருக்கானோ" என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

அவன் தொண்டைக்குள் ஒரு பொம்பளையும் இல்லை. மேடையின் பின்னால் மயில் வரைந்த திரைக்கு அந்தப்பக்கம், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு இடையில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சண்முகக்கனி இரண்டாவது மைக்கில் அத்தனை பெண்களையும் பேசினாள். அவன் முன்னால் நின்று வாயை மட்டும் அசைத்தான். கல்யாணமான புதிதில் அவள் விளையாட்டாக மாமியாரைப் போலப் பேசிக் காட்டியபோது கண்டுபிடித்த ஏற்பாடு அது. நிகழ்ச்சி முடிந்ததும் திரையைச் சுருட்டி, வயர்களை மடித்து வேனில் ஏற்றுகிறவள் அவள்தான் என்பதால், அவள் அவனுக்கு எடுபிடி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் தனியாகப் பெண் குரலுக்கு முயன்று பார்க்காமல் இல்லை. குளக்கரையில் போய்க் கத்திக் கத்திப் பார்த்தான். கிடாக்குட்டி கத்துவது போலத்தான் வந்தது.

ஒரு பங்குனிக் கொடையில், ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது, காற்று எழும்பித் திரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணை மூடிக்கொண்டு மைக்கைக் கட்டிப்பிடித்தபடி அழுதுகொண்டிருந்த சண்முகக்கனியை ஊர் பார்த்தது. அவளுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்ற இசக்கிராஜாவையும் பார்த்தது. திரை போனதை அறியாமல் அவள் கடைசி அடி வரைக்கும் அழுது முடித்தாள். அதற்கு விழுந்த கைதட்டல் போல அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் கொடைக் கமிட்டி நல்லமுத்து வீட்டுக்கே வந்தார். "ஏமாத்திட்டீரேன்னு யாரும் கோவப்படலவே. வார வருசம் அக்கா முன்னால நிக்கட்டும். நீரு பக்கத்துல நின்னு ரயில் விடும், நாய் விடும்" என்றார். இசக்கிராஜா அவளைப் பார்த்தான். சண்முகக்கனி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, "சரிண்ணே" என்றாள்.

அந்தச் சரிக்காகத்தான் அவளைக் கொன்றான். எத்தனையோ தடவை அடித்திருக்கிறான், உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறாள், ஆனால் தொண்டையை மட்டும் அவன் தொட்டதில்லை, சோறு போடுகிற தொண்டை என்று. அன்று மத்தியானம் அதைத்தான் பிடித்தான். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். ஒரு வீட்டில் தாளிப்பது அடுத்த வீட்டில் தும்மலாகும். அவள் அடங்கியதும், கொல்லையில் கக்கூஸ் கட்டுவதற்குத் தோண்டிப் போட்டிருந்த குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே சிமெண்டு பூசித் துணி துவைக்கிற கல்லைத் தூக்கிப் போட்டான்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கமிருந்து தங்கபுஷ்பம் கூப்பிட்டாள். "கனி, ஏ கனி. கொஞ்சம் உறைமோர் இருக்கா?"

என்ன செய்வதென்று தெரியாமல் அவன் வாயைத் திறந்தான். "இல்ல மதினி. ஒடம்பெல்லாம் முத்துப் போட்டிருக்கு. உள்ள வராதீங்க" என்று சண்முகக்கனியின் குரல் வந்தது. சொல்லின் முடிவில் லேசாக உடையும் அந்த உடைசல் உட்பட, அப்படியே அவளாகவே வந்தது. குளக்கரையில் வருஷக்கணக்காகக் கத்தியும் வராதது, அவள் மண்ணுக்குள் போன அன்று வந்துவிட்டது. அவன் முதலில் அடைந்தது பயமல்ல, பெருமை. மேடையில் வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தான்.

அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகியதும் தெரு தானாகவே விலகி நடந்தது. உள்ளே அவன் இரண்டு பேராக வாழத் தொடங்கினான். "எளநி வெட்டட்டுமா கனி?" என்று தன் குரலில் கேட்பான். "நீங்க உக்காருங்க, அலையாதீங்க. ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று அவள் குரலில் சொல்வான். உயிரோடு இருந்தபோது அவள் ஒருநாளும் சொல்லாத சொற்களையெல்லாம் அவள் குரலுக்குக் கொடுத்தான். கேட்கக் கேட்க அவனுக்கே கண் நிறைந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் தங்கபுஷ்பம் தன் புருஷனிடம், "அம்மை வந்தாலும் வந்துச்சு, மனுசன் மாறிட்டாரு. எப்படித் தாங்குதாரு பாரும்" என்றாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா முப்பிடாதி போன் போட்டபோதும் அவன்தான் தங்கச்சியாகப் பேசினான். அன்பாக, அடக்கமாக, அக்கா உடம்பைப் பார்த்துக்கோ என்று பேசினான். முப்பிடாதி போனை வைத்துவிட்டு நேரே போய் லீவு கேட்டாள். தன்னோடு சண்டை போடாமல் கனி ஒருநாளும் போனை வைத்ததில்லை.

அந்த அதிசயம் நடந்தது சித்திரை வெயில் காய்ந்த ஒரு முற்பகலில். இசக்கிராஜா, அம்மைக்காரிக்கு வாங்குகிறவன் போலத் தெருவெல்லாம் தெரியும்படி நுங்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். வாய் மூடியிருந்தது. அவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டி நின்றது, உள்ளேயிருந்து சண்முகக்கனி, "இது காயா, வெறகா? நேத்தே பறிச்சத எனக்கு எதுக்குத் தார?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே வேறு காய் பொறுக்கினான்.

அவன் கதவைத் திறந்து உள்ளே போனான். கட்டில் காலியாகக் கிடந்தது. "யாரு?" என்று கேட்டான்.

"நாந்தான். நுங்கு எளசாப் பாத்து வாங்குனீங்களா?" என்றது குரல். அடுப்படியிலிருந்து வந்தது, பிறகு கொல்லை வாசலிலிருந்து வந்தது. தானே தன்னை அறியாமல் பேசுகிறோமோ என்று அவன் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். குரல் அரிசியில் கல் கிடப்பதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடமாடியது.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாள் கடந்தும் கனி வெளியே வரவில்லையே என்று தங்கபுஷ்பம் ஒரு சட்டியில் கூழோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "வாங்க மதினி, உக்காருங்க. பாய் அந்தா இருக்கு" என்றது வெறும் கட்டில். தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். கூழை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள், வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தாள், கொஞ்சநேரம் மருமகளைப் பற்றிப் பேசினாள், பிறகு வெளியே வந்து தெருவில் நின்று, "அம்மா அவ ஒடம்ப மட்டும் எடுத்துக்கிட்டா. கொரல நமக்கு விட்டுட்டா" என்று சொன்னாள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மாரியம்மன் முத்தெடுக்கிறவள், சிலரிடம் கண்ணை எடுத்துக்கொள்கிறாள், சிலரிடம் காதை எடுத்துக்கொள்கிறாள், கனியிடம் உடம்பை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இசக்கிராஜாவும் கைகூப்பி ஆமாம் என்றான்.

முதலில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்தார்கள். பிறகு, புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போன செல்லத்தாய் வந்து அழுதாள். குரல் அவளைத் தேற்றுவதற்காக, கனி உயிரோடு இருந்தபோது தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் பேசிக் காட்டுவாளே அதுபோல, "ஏட்டி செல்லம், கதவத் தெற" என்று அவள் புருஷன் குரலில் பேசியது. பின்னால் அவனுடைய பீடி இருமல் இருமியது. செல்லத்தாய் தரையில் விழுந்து அந்த இருமலைக் கும்பிட்டாள். அன்றோடு ஊர் மாறியது. மகளைக் கிணற்றில் பறிகொடுத்த வாத்தியார் வந்தார். "அப்பா, சைக்கிள்ல என்னைய முன்னால வையி" என்று மகள் குரல் சொல்லக் கேட்டுவிட்டுப் போனார், மறுநாளும் வந்தார். தாயை இழந்தவர்கள் வந்தார்கள், பேறுகாலத்தில் போன பிள்ளைகளின் ஒற்றை அழுகையைக் கேட்கப் பெண்கள் வந்தார்கள். துக்கம் என்று ஒன்று ஊசிக்குளத்தில் இல்லாமல் போனது. சாவு விழுந்த வீட்டில் அழுகை குறைந்தது. கருமாதிக்கு ஆள் குறைந்தது. இருக்கிற கிழவர்களைச் சரியாகக் கவனிக்காமல்கூட விட்டார்கள், எப்படியும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. வெளியே வெயிலில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று கமிட்டியார் அறைக்குள் ஒரு மைக்கும் தெருவில் ஒலிபெருக்கிகளும் பந்தலும் போட்டார்கள்.

இசக்கிராஜாவை நிகழ்ச்சிக்கு யாரும் கூப்பிடவில்லை. வாசலில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான். உள்ளே குரல் பேசப் பேச, அடுத்த சொல் எதுவாக இருக்குமோ என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தான்.

முப்பிடாதி ஒரு துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குள் வந்தாள். ஆள் எங்கே என்று கேட்டாள். தெரு மொத்தமும் கூடி, பாக்கியம் என்றும் கொடுப்பினை என்றும் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் கையை உருவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காலிக் கட்டிலைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, ஒன்ன யாராச்சும் ஏதாச்சும் செஞ்சாங்களா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கேன்" என்றது குரல். உதட்டுக்குத் தையல் போட்ட நர்ஸிடமும், கை வீங்கியபோது தங்கபுஷ்பத்திடமும், ஒருதடவை விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் சண்முகக்கனி அதைத்தான் சொல்லியிருந்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் வேறு பதில் இருந்ததே இல்லை.

"செத்ததாச் சொல்ற ஆளே நல்லாருக்கேங்குது. நான் என்னன்னும்மா கேஸ் எழுத?" என்று இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, செத்துப்போன தன் அண்ணனைப் பற்றி நல்லமுத்துவிடம் ஏதோ மெதுவாக விசாரித்தார்.

முப்பிடாதி கட்டிலில் உட்கார்ந்தாள். குரல்தான் முதலில் பேசியது. "எத்தன நாளாச்சு. இப்பதான் ஒனக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?"

"லீவு தரமாட்டேன்னுட்டான்டி" என்று முப்பிடாதி அழுதாள். "நீ நல்லாருக்கியான்னு நான் கேக்கல கனி. அந்தக் கேள்விய ஒங்கிட்ட யாரும் இனிமே கேக்க வேண்டாம். கடைசியா நீ என்னென்ன சத்தம் கேட்டயோ, அத மட்டும் எனக்குப் பேசிக் காட்டு. சின்னப் பிள்ளையில காட்டுவயே, அந்த மாதிரி."

மைக் திறந்திருந்தது. தெருவில் ஒலிபெருக்கி கரகரத்தது. அதிலிருந்து இசக்கிராஜாவின் குரல் வந்தது: "யாரக் கேட்டுடி சரின்ன? நீ ஒப்பாரி வைப்ப, நான் நாயாக் கொலைக்கணுமா?" பிறகு அவள் குரல்: "நீங்களும்தான கூட நிக்கப் போறீங்க. நான் எங்க போறேன்." பிறகு பாத்திரம் உருளும் சத்தம், வளையல் நொறுங்கும் சத்தம், "கழுத்த விடுங்க, சோத்துக்கு என்ன செய்வீங்க" என்று பாதியில் அறுந்த சொல், அதற்கப்புறம் மனுஷக் குரல் என்று சொல்ல முடியாத ஒன்று. அது நீண்டுகொண்டே போனது. அது நின்ற பிறகு மண்வெட்டி மண்ணைத் தள்ளுவதும், கரண்டி சிமெண்டைத் தேய்ப்பதும் கேட்டது, ஏனென்றால் குரல் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இசக்கிராஜா எழுந்து தெருமுனைப் பக்கம் நடந்தான். நல்லமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முப்பிடாதி கடப்பாரையோடு கொல்லைக்குப் போனாள். அவள் துவைக்கல்லைப் புரட்டித் தள்ளுவதற்குள் செல்லத்தாய் ஓடிவந்து சிமெண்டுத் தரை மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். பிறகு வாத்தியார் உட்கார்ந்தார். இடம் நிறைய நிறைய உட்கார்ந்தார்கள்.

"எலும்ப எடுத்து எரிச்சிட்டா கொரலு போயிரும்மா. ஒனக்குப் போனது ஒரு தங்கச்சி. எங்களுக்கு எத்தன பேரு அதுக்குள்ள இருக்காங்க, நெனச்சுப் பாரு" என்றாள் செல்லத்தாய். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினாள்.

முப்பிடாதி கடப்பாரையை ஊன்றியபடி நின்றாள். "கனி, ஒனக்குக் கேட்டதெல்லாம் சொல்லலையே. சுவருக்கு அங்கிட்டு என்ன கேட்டுச்சு?" என்றாள்.

ஒலிபெருக்கி தங்கபுஷ்பத்தின் குரலில் பேசியது: "ஆரம்பிச்சிட்டான். ஏட்டி, டிவிய கூட்டி வையி, வசனம் கேக்கல." ஒரு தொடர்நாடகத்தின் அழுகை மெல்ல உயர்ந்தது. பிறகு செல்லத்தாயின் குரல்: "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ கதவச் சாத்திட்டு வா." பிறகு வாத்தியாரின் குரல்: "பேப்பர் படிக்க விடுதாங்களா." அந்த மத்தியானம் அந்தத் தெருவில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும், பேசியவர் தொண்டையிலிருந்தே வருவது போல வந்தது. தன் குரல் வந்ததும் தங்கபுஷ்பம் எழுந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தத்தம் குரல் வர வர எழுந்து வெளியே போனார்கள். குரல் வராதவர் ஒருவரும் இல்லை.

முப்பிடாதி தனியாகவே உடைத்தாள், தனியாகவே தோண்டினாள். கிடைத்ததைத் தன் சேலையில் முடிந்து, குளத்துக்கு அப்பால் உள்ள சுடுகாட்டில் விறகடுக்கித் தானே கொள்ளி வைத்தாள். தீ பிடித்தபோது இங்கே வீட்டில், "அடுப்புல பால வச்சிருந்தேனா, எறக்கிட்டேனா" என்று குரல் யோசனையாகக் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முப்பிடாதி ஸ்டேஷனில் எலும்பைக் காட்டி எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினாள்.

போலீஸ் வந்தபோது, இசக்கிராஜா ஓடிப்போய்விட்டான் என்று ஊர் சொன்னது. விசாரிக்கப்பட்ட அத்தனை பேரும் அதே சொற்களில் சொன்னார்கள். அவனை அந்த அறைக்குள்தான் போட்டு வெளியே பூட்டியிருந்தார்கள். கொன்றதற்காக அல்ல. குரல் போனதற்காக.

"நீரு பலகுரல் மன்னந்தானவே. பேசும்" என்றார் நல்லமுத்து.

பேசினான். மைக்கைத் திறந்து வைத்து அவனை விடிந்தது முதல் பேச வைத்தார்கள். செல்லத்தாய் புருஷனைக் கேட்டாள், அவன் இருமினான். "இது அவரு இல்ல" என்றாள் அவள், அன்றைக்கு அவனுக்குத் தண்ணீர் கிடையாது. வாத்தியார் மகளைக் கேட்டார், அவன் "அப்பா" என்றான். படித்த மனுஷர், யாரையும் கை நீட்டி அடித்தறியாதவர், பிரம்பை எடுத்தார். ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அவன் தொண்டையில் புண் வந்து, சீழ் வந்து, ஆறி, மறுபடி வந்தது. அவனால் ஒரே ஒரு பெண்ணைத்தான் அச்சு அசலாகப் பேச முடிந்தது. செத்தவர்களைத் தேடி வந்தவர்களில் அவளைக் கேட்டு வந்தவர் யாரும் இல்லை.

மறு வருஷம் கொடை நெருங்கியபோது தங்கபுஷ்பத்துக்கு மனது உறுத்தியது. முப்பிடாதிக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. தன் போனில் அவள் எண்ணைப் போட்டு, "ஒன் தங்கச்சி பேசுதா கேளு தாயீ, ஆசை தீரப் பேசு" என்று சொல்லி, இசக்கிராஜா இருந்த அறையின் ஜன்னல் கம்பிக்குள் போனை நீட்டினாள்.

திருப்பூரில் அப்போது வேலை நேரம். முப்பிடாதி தையல் மிஷினில் இருந்தபடி தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா" என்றது போன். சொல்லின் முடிவில் உடைந்தது. "அக்கா, நாந்தான். இவங்க என்னைய உள்ள போட்டுப் பூட்டியிருக்காங்க. தொண்ட அழுகிப் போச்சுக்கா. போலீசுல சொல்லுக்கா. ஜெயிலுக்குப் போறேன், தூக்குல போடச் சொல்லு, எதுனாலும் சரி. நீ ஒரு வார்த்த சொன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

அவள் கால் மிதிப்பதை நிறுத்தியிருந்தது. கண் மூடியிருந்தது. அந்தக் குரலை அவள் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டாள். முகம் இளகி, ஒரு கணம் அவளும் கனி என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

"கேக்குதாக்கா? சொல்லுவியா?"

"மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றாள் முப்பிடாதி. "பேசிக்கிட்டே இரு."

போனை அணைக்காமல், துணிக் குவியலின் மேல் முகம் மேலாக வைத்துவிட்டு, அடுத்த பனியனை எடுத்து ஊசிக்கு அடியில் கொடுத்தாள். அக்கா, அக்கா என்று அது பேசிக்கொண்டே இருந்தது. அவள் சாயங்காலம் வரைக்கும் தைத்தாள்.